வீட்டில் வரைந்த காமிக்ஸை மக்கள் பிரதிநிதிக்கு அனுப்பினால் யாராவது பார்ப்பார்களா?

கேள்வி, ஜூன் 2

எங்கள் தொகுதி உறுப்பினருக்கு மனு எழுதி எழுதி அலுத்துவிட்டது. "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்" என்று அச்சடித்த பதில் வரும், அத்தோடு சரி. நாலு கட்டம் போட்டுப் படமாக வரைந்து அனுப்பு, கண்டிப்பாகப் பார்ப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். எனக்கு வரையவே வராது. அதோடு, இது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியாதா? இங்கே யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

ஜூன் 2, இரவு

செய்திருக்கிறேன். பார்ப்பார்கள். ஆனால் பார்ப்பது வேறு, கேட்டதைச் செய்வது வேறு. பார்க்க வைக்கும் வேலையைப் படம் செய்துவிடும். செய்ய வைப்பது கடைசிக் கட்டத்தில் நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதுதான். நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 3, காலை

என் அனுபவம். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. வாரம் தவறாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், வழியில் அகலமான ஒரு சாலையைக் கடக்க வேண்டும். சிக்னலில் பச்சை மனிதன் வந்ததும் இறங்குவோம். பாதிச் சாலையிலேயே அவன் மினுக்க ஆரம்பித்துவிடுவான். மீதிப் பாதியை ஹாரன் சத்தத்துக்கு நடுவில்தான் அம்மா கடக்க வேண்டும்.

முதலில் கடிதம்தான் எழுதினேன், இரண்டு பக்கத்துக்கு. முதியோர் நலன், பாதசாரிகளின் உரிமை, அதிகாரிகளின் அலட்சியம் எல்லாம் இருந்தது. உறையில் போடுவதற்கு முன் படித்துப் பார்த்தேன். அம்மா அதில் இல்லை. யார் வேண்டுமானாலும் எந்த ஊரைப் பற்றியும் எழுதியிருக்கக்கூடிய கடிதம்.

அப்புறம்தான் ஒரு தாளை நாலாக மடித்தேன். முதல் கட்டத்தில் நடைபாதை ஓரம், அம்மா, கைத்தடி, எதிரே பச்சை மனிதன். இரண்டாவதில் சாலையின் நடுக்கோடு, அதன் மேல் கைத்தடியின் நுனி, தூரத்தில் மினுக்கும் விளக்கு. மூன்றாவதில் சிவப்பு. இரண்டு பக்கமும் வண்டிகளின் முன்சக்கரங்களை மட்டும் வரைந்தேன். அம்மாவுக்குப் பின்னால் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது. அது நிஜமாகவே நடந்தது. குனிந்து எடுக்க நேரமில்லை, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

நாலாவது கட்டம் ரொம்ப நாள் காலியாகக் கிடந்தது. "முதியோரைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதிப் பார்த்தேன். படிக்கிறவர் தலையாட்டிவிட்டு அடுத்த கடிதத்தை எடுத்துவிடுவார். அவர் செய்ய வேண்டிய காரியம் என்று அதில் எதுவும் இல்லையே. கடைசியில் செல்போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்துகொண்டு அந்தச் சந்திப்பில் போய் நின்றேன். பச்சை எரிவது 14 விநாடி. அம்மாவுக்கு வேண்டியது 24. குறைகிற அந்த 10 விநாடிதான் என் நாலாவது கட்டம். ஒரு பெரிய விளக்கு, அதற்குப் பக்கத்தில் "இன்னும் 10 விநாடி", கீழே சந்திப்பின் பெயர். வேறு எதுவும் வைக்கவில்லை.

கடிதம் எழுதும்போது எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. கோபம் மட்டும்தான் இருந்தது. காலிக் கட்டம் முன்னால் கிடக்கும்போது தப்பிக்க வழியில்லை, எதையாவது கேட்டே ஆக வேண்டும். இதற்காகவே எல்லோரும் ஒரு தடவை வரைந்து பார்க்க வேண்டும் என்று சொல்வேன், அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை.

ஜூன் 3, மாலை

"வரையவே வராது" என்பதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். வட்டத்தில் ஒரு தலை, கோட்டில் கை கால் போட வருமா? போதும். யார், எங்கே, என்ன நடக்கிறது என்ற மூன்றும் புரிந்தால் படம் தன் வேலையைச் செய்துவிட்டது. ஒரே ஆள் நாலு கட்டத்திலும் வருகிறார் என்பது மட்டும் தெரிய வேண்டும். அதற்கு ஓர் அடையாளம் கொடுங்கள். என் படத்தில் அம்மாவுக்குக் கைத்தடியும் கொண்டையும். முகம் கட்டத்துக்குக் கட்டம் மாறித்தான் இருந்தது, ஆனால் கொண்டை மாறவில்லை.

ஜூன் 4

"சிறுபிள்ளைத்தனம்" என்ற பயத்துக்கு வருகிறேன். 1957-இல் அமெரிக்காவில் ஃபெலோஷிப் ஆஃப் ரிகன்சிலியேஷன் என்ற அமைதி இயக்கம் 16 பக்கத்தில் ஒரு காமிக்ஸ் புத்தகம் போட்டது. விலை 10 சென்ட். நிறவெறியை எதிர்த்து நடந்த மாண்ட்கோமரி நகரப் பேருந்துப் புறக்கணிப்பும் மார்ட்டின் லூதர் கிங்கும்தான் அதன் கதை. கடைசிப் பக்கங்களில் வன்முறையில்லாமல் போராடுவது எப்படி என்று படிப்படியாக விளக்கியிருந்தார்கள். உயிரைக் கொடுத்துப் போராடிய மக்கள் அதைக் கைக்குக் கை மாற்றிப் படித்தார்கள். யாரும் விளையாட்டாக நினைக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து அது அரபு மொழியிலும் வந்தது.

அதன் தொடர்ச்சிதான் எனக்கு இன்னும் பிடிக்கும். அந்தக் காலத்தில் இளைஞராகப் போராட்டத்தில் இருந்த ஜான் லூயிஸ் பின்னாளில் ஜார்ஜியாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். 1987 முதல் 2020-இல் இறக்கும் வரை உறுப்பினர். 2008 தேர்தல் சமயத்தில் அவருடைய குழுவில் வேலை பார்த்த ஆண்ட்ரூ அய்டின் காமிக்ஸ் பைத்தியம். கிங்கின் காமிக்ஸ் பற்றி லூயிஸ் அவரிடம் பேச, நீங்களே ஒன்று எழுதுங்களேன் என்று அய்டின் விடாமல் கேட்டார். நேட் பவல் படம் வரைய, 2013, 2015, 2016 என்று மூன்று பாகங்களாக அந்தப் படக்கதை வந்தது. மூன்றாம் பாகம் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதையும் வாங்கியது.

இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், உங்கள் உறையை முதலில் திறப்பவர் உறுப்பினர் இல்லை. அவருடைய அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் உதவியாளர். பெரும்பாலும் சின்ன வயசு, நாள் முழுக்க மனுக்களைப் படித்துப் பொருள்வாரியாகப் பிரித்து வைக்கும் வேலை. உங்கள் படம் சேர வேண்டியது முதலில் அவரிடம். அய்டின் போல ஒருவர் அங்கே இருக்க மாட்டார் என்று யார் சொன்னது?

ஜூன் 4, சற்று நேரம் கழித்து

சின்ன விவரம், ஆனால் விட மனசில்லை. 2015-இல் சான் டியாகோ காமிக்-கான் விழாவுக்கு எல்லோரும் சூப்பர் ஹீரோ வேஷத்தில் வர, லூயிஸ் 1965-இல் வாக்குரிமைப் பேரணியில் செல்மா பாலத்தில் நடந்தபோது அணிந்ததைப் போன்ற கோட்டும் முதுகுப்பையும் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நடந்தார்கள். அப்போது அவருக்கு 75 வயது.

ஜூன் 6

கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் உறுப்பினரை எருமை மாடாக வரைந்து அனுப்பப் போகிறேன்."

ஆசை புரிகிறது. இதற்கு நீண்ட வரலாறும் இருக்கிறது. 1831-இல் பாரிஸில் சார்ல்ஸ் பிலிப்போன் என்ற பத்திரிகைக்காரர் அரசர் லூயி பிலிப்பின் முகம் நாலு படத்தில் படிப்படியாகப் பேரிக்காயாக மாறுவதை நீதிமன்றத்திலேயே வரைந்து காட்டினார். நாலு படம், கவனியுங்கள். அவருக்குச் சிறை கிடைத்தது. அரசரைப் பெருந்தீனிக்காரராக வரைந்ததற்காக அடுத்த ஆண்டு ஓவியர் டோமியேவும் உள்ளே போனார். ஆனாலும் பேரிக்காய் பாரிஸ் சுவர்களை விட்டுப் போகவில்லை. நியூயார்க்கில் தாமஸ் நாஸ்ட் 1871-இல் வரைந்த கேலிப்படங்கள் ட்வீட் என்ற ஊழல் அரசியல்வாதியைக் கவிழ்த்ததில் பெரிய பங்கு வகித்தன. அவர் தப்பி ஸ்பெயினுக்கு ஓடினார். 1876-இல் அங்கே அவரை அடையாளம் காட்டியதும் நாஸ்ட்டின் படம்தான்.

பென்சில்வேனியாவில் 1903-இல் நடந்தது எல்லாவற்றையும் விடச் சுவையானது. அங்கே பென்னிபேக்கர் என்பவரைக் கிளியாக வரைந்து தள்ளினார்கள். அவர் ஆளுநரானதும், மனிதர்களைப் பறவையாகவோ விலங்காகவோ வரையக் கூடாது என்று ஒரு மசோதா வந்தது. மறுபேச்சில்லாமல் அதற்குக் கட்டுப்பட்டார் ஒரு கேலிச்சித்திரக்காரர். மரமாகவும் பீர் குவளையாகவும் வரைய ஆரம்பித்தார்!

ஆனால் இவை எல்லாம் ஆள்பவரைப் பற்றி ஊருக்குச் சொன்ன படங்கள். நாம் பேசிக்கொண்டிருப்பது ஆள்பவரிடமே நேரில் சொல்லும் படம். எருமையாக வரைந்து பத்திரிகைக்கு அனுப்புங்கள், சுவரில் ஒட்டுங்கள், உங்கள் உரிமை. அவருடைய மேசைக்கு அனுப்பும் தாளில் எருமை இருந்தால் உதவியாளர் சிரித்துவிட்டு ஓரமாக வைப்பார். அதில் செய்வதற்கு எதுவும் இல்லை, கோபப்பட மட்டும்தான் இருக்கிறது. படத்தில் எங்கேயும் உறுப்பினருக்கு வேலையே இல்லை. அங்கே இருக்க வேண்டியது நீங்கள்.

ஜூன் 7

வரையும் முறை பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது இதுதான்.

பெரிய தப்பு படத்தை முதலில் வரைவது. எழுத்தை முதலில் எழுதுங்கள், பிறகு அதைச் சுற்றி வசனம் அடைக்கும் பலூனை வரையுங்கள். தலைகீழாகச் செய்தால் பலூன் போதாமல் கடைசி வார்த்தை நசுங்கும். தமிழ் எழுத்துக்கு அகலம் அதிகம், ஒரு "கொடுக்கவேண்டியிருக்கிறது" வந்தாலே கட்டம் முடிந்தது. ஆகவே ஒரு பலூனில் ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். பேசுவது போலவே எழுதுங்கள். "பச்சை போயிடுச்சு, வாம்மா" என்பதுதான் என் மூன்றாவது கட்டத்தின் வசனம் முழுக்க.

முதலில் பேசுகிறவர் இடப்பக்கம் நிற்க வேண்டும். வலப்பக்கம் நிற்பவரின் பலூனைப் படித்துவிட்டு இடப்பக்கம் வந்தால் கேள்விக்கு முன்னால் பதில் வந்துவிடும். பேசும் வரிசையை முடிவு செய்த பிறகே ஆட்களை நிறுத்துங்கள்.

கறுப்பு மையில்தான் வரைய வேண்டும். பென்சிலில் லேசாகப் போட்டு, பேனாவால் அழுத்தி, காய்ந்த பிறகு அழியுங்கள். கலர் பென்சில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அலுவலகத்தில் அதை ஜெராக்ஸ் எடுத்து இன்னொரு துறைக்கு அனுப்பினால் வெளிர்மஞ்சள் காணாமல் போகும், சிவப்பு கறுத்துப்போகும். தாளின் நாலு ஓரத்திலும் ஒரு செ.மீ. விடுங்கள், ஜெராக்ஸ் இயந்திரம் ஓரத்தைத் தின்றுவிடும். பிழையா? ஒயிட்னர் போட்டு மேலேயே எழுதுங்கள். நகலில் தெரியாது.

ஜூன் 7, இரவு

ஒருவர் கேட்டார்: கட்டம் நாலுதான் இருக்க வேண்டுமா? சட்டம் ஒன்றும் இல்லை. ஒரே ஏ4 தாளை மூன்று தடவை மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் வரும். பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் மேசையில் அது மூடிக் கிடக்கும், யாராவது திறக்க வேண்டும். ஒற்றைத் தாள் திறந்தே கிடக்கும். கடந்து போகிறவர் கண்ணிலும் படும். அதனால் நான் ஒற்றைத் தாளின் கட்சி.

ஜூன் 9

நாலு கட்ட வடிவத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர்களைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பின்லாந்தின் லெய்ஃப் பக்கலேனும் இந்தியாவின் சரத் சர்மாவும். ஓவியர்களைக் கூப்பிட்டு வரையச் சொல்லாமல், பிரச்சினையில் இருக்கும் ஆட்களையே வரைய வைப்பது இவர்கள் வழி. இரண்டு ஏ4 தாளை ஒட்டி ஒரு சுவரொட்டி, அதில் நாலு கட்டம், ஜெராக்ஸ் எடுத்து ஊருக்குள்ளேயே ஒட்டுவது. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் நிறையப் பயிலரங்குகள் நடந்தன.

அவர்களிடம் நான் கற்றது, முதலில் ஊருக்குக் காட்டு என்பதை. என் படத்தை அனுப்புவதற்கு முன் அக்கம்பக்கத்தில் காட்டினேன். "எங்க வீட்டு சக்கர நாற்காலிக்கும் இதே கதைதான்" என்றார் ஒருவர். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் அதையே சொன்னார்கள். என் அம்மாவின் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அந்தச் சந்திப்பின் பிரச்சினை.

ஜூன் 10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இருவர் ஒரே கேள்வி கேட்டார்கள்: "அப்படியானால் உங்கள் படத்தையே நூறு பிரதி எடுத்து எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாமே?"

வேண்டாம். ஒரே மாதிரி நூறு தாள் வந்தால் அலுவலகத்தில் அதை ஒரு கட்டாகக் கட்டி, எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்வார்கள். சக்கர நாற்காலிக்காரர் தன் படத்தைத் தானே வரையட்டும், பள்ளிக்குக் கூட்டிப்போகிறவர் அவருடையதை. முதல் மூன்று கட்டம் ஆளுக்கு ஆள் மாறட்டும். நாலாவது கட்டத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கட்டும், அதே சந்திப்பு, அதே 10 விநாடி. எங்கள் பக்கத்தில் இப்படித்தான் செய்தோம்.

கணினியிடம் சொல்லிப் படம் வரைய வைத்தால் என்ன என்றும் கேட்டிருக்கிறார்கள். தடுக்க மாட்டேன். கை நடுங்குகிறவர்களுக்கு அது உதவி. ஆனால் அது வரைகிற பாட்டி யாருடைய பாட்டியும் இல்லை. அந்த ஒற்றைச் செருப்பை அது தானாகப் போடாது.

ஜூன் 12

தபால் விஷயம். உங்கள் முழுப் பெயரும் முகவரியும் தாளிலேயே இருக்க வேண்டும், உறையில் மட்டும் இருந்தால் போதாது. உறை குப்பைக்குப் போய்விடும். பெரும்பாலான உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக்காரர்களுக்குத்தான் பதில் சொல்வார்கள். பிரிட்டனில் இன்னொரு உறுப்பினரின் தொகுதி விஷயத்தில் தலையிடக் கூடாது என்பது கட்டிக்காத்த மரபு. நீங்கள் அந்தத் தொகுதி என்பது முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும்.

உறையில் மினுமினுப்புத் தூள், காய்ந்த பூ, ஒட்டுச் சாமான் எதுவும் வேண்டாம். 2001-இல் அமெரிக்க செனட்டர்கள் இருவருக்கு ஆந்த்ராக்ஸ் என்ற நோய்க்கிருமிப் பொடி கலந்த கடிதங்கள் போயின. அதன் பிறகு அந்த நாடாளுமன்றத்துக்குப் போகும் தபால்களை வேறு இடத்தில் கதிர்வீச்சு பாய்ச்சிச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். நாள் ஆகும், சமயத்தில் தாள் பழுத்தும் போகும். அதனால் தொகுதி அலுவலகத்தில் நேரில் கொடுப்பது எங்கேயும் உத்தமம். கனடாவில் உறுப்பினருக்கு நாடாளுமன்ற முகவரிக்குக் கடிதம் போட ஸ்டாம்பே வேண்டாம். அந்த ஏற்பாடு எல்லா நாட்டிலும் வர வேண்டும் என்பது என் ஆசை.

ஜூன் 12, பின்னிரவு

கூடவே கடிதம் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: வையுங்கள், ஐந்தாறு வரியில். பாரதி நடத்திய "இந்தியா" வாரப் பத்திரிகை நினைவுக்கு வருகிறது. 1906-இல் சென்னையில் தொடங்கியது, பிறகு புதுச்சேரிக்குப் போனது. தமிழில் அரசியல் கருத்துப்படத்தை வாசகர்களுக்குப் பழக்கியது அதுதான். படத்தைப் போட்டுவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை, இன்னார் இன்னார், இது இதைக் குறிக்கிறது என்று விளக்கமும் எழுதினார். படம் பார்க்க வைக்கும், விளக்கம் சந்தேகம் இல்லாமல் செய்யும். நான் என் தாளோடு வைத்த குறிப்பில் நாள், நேரம், சாலையின் அகலம், அளந்த விநாடி இவ்வளவுதான் இருந்தன.

ஜூன் 15

"சரி, பலன் என்ன ஆச்சு?" எல்லோரும் கேட்டுவிட்டீர்கள்.

முதலில் வந்தது அதே அச்சடித்த பதில்தான். உங்களைப் போலவே எனக்கும் சோர்வாக இருந்தது. கொஞ்ச நாள் கழித்து அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் போன் செய்தார். "செருப்புப் படம் அனுப்பினது நீங்கதானே?" என்றுதான் ஆரம்பித்தார். மனு எண்ணைச் சொல்லவில்லை, தேதியைச் சொல்லவில்லை, செருப்பைச் சொன்னார். எந்த நேரத்தில் அளந்தீர்கள், காலையா மாலையா என்று கேட்டார். படத்தை நகலெடுத்துச் சாலைத் துறைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்.

அதன் பிறகு ஒரு நாள் சந்திப்பில் இருவர் டேப் பிடித்து அகலம் அளந்துகொண்டிருந்தார்கள். இப்போது பச்சை நீண்டிருக்கிறது. கேட்ட பத்து கிடைக்கவில்லை, ஆறு கிடைத்திருக்கிறது. என் படத்தால்தான் என்று சொல்ல மாட்டேன். அக்கம்பக்கத்தார் அனுப்பியவையும் போயிருக்கின்றன, துறைக்குள் என்ன நடந்தது என்பது வெளியே தெரியாது. ஆறு விநாடி அம்மாவுக்குப் போதவில்லை. சக்கர நாற்காலிக்காரருக்குப் போதும் என்கிறார்.

ஜூன் 16

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர் கேட்ட கேள்வி கூர்மையானது: விநாடிக் கணக்கை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

தேடிப் படித்தேன். நடக்கிறவரின் வேகத்தை ஒரு அளவாக வைத்து, சாலை அகலத்தை அதால் வகுக்கிறார்கள். வெகுகாலம் பொறியாளர்கள் புழங்கிய கணக்கு விநாடிக்கு 1.2 மீட்டர். அமெரிக்காவின் சாலைக் குறியீட்டுக் கையேடு 2009-இல் இதை நாலு அடியிலிருந்து மூன்றரை அடியாக, அதாவது ஏறக்குறைய 1.07 மீட்டராகக் குறைத்தது. மெதுவாக நடப்பவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் வழக்கமாகக் கடக்கும் இடங்களில் அதைவிடக் குறைந்த வேகத்தை வைத்துக்கொள்ளவும் சொல்கிறது. எங்கள் சாலை ஏறக்குறைய 17 மீட்டர். 14 விநாடி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. 1.2-ஆல் வகுத்துப் பாருங்கள். அம்மாவின் வேகம் 0.7.

ஆகவே அடுத்த படம் தயாராகிறது. இந்தத் தடவை நாலாவது கட்டத்தில் விநாடியைக் கேட்கப் போவதில்லை, எந்த வேகத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்று கேட்கப் போகிறேன். மருத்துவமனைக்கு முன்னால் இருக்கும் சாலையை, அங்கே நடக்கிறவர்களின் வேகத்தில் அளக்கச் சொல்லி. அது கிடைத்தால் இந்தச் சந்திப்போடு நிற்காது.

ஜூன் 17

உறுப்பினருக்குப் படத்தில் இடமே இல்லை என்று 6-ஆம் தேதி எழுதினேன். அதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். புதுப் படத்துக்குக் கோடு போட்டுப் பார்க்கும்போது கடைசிக் கட்டத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தினேன். முதுகு மட்டும், முகம் இல்லை. கையில் கடிகாரம். கீழே "ஒரு நாள் காலை எங்களோடு கடந்து பாருங்கள், எந்த நாள் என்று நீங்களே சொல்லுங்கள்." இது புகழ்ச்சியும் இல்லை, கேலியும் இல்லை. அழைப்பு. வருவாரா தெரியாது, ஆனால் வர முடியும். ஆகவே என் திருத்தம்: பிரச்சினைக்குள் அவரை இழுக்க வேண்டாம், தீர்வுக்குள் இழுக்கலாம்.

ஜூன் 19

இன்னொரு பழைய சங்கதி, இதற்கு நெருக்கமானது. பிரேசில் நாடகக்காரர் அகுஸ்தோ போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகரமன்ற உறுப்பினராக இருந்தார். மனு எழுதச் சொல்லாமல், மக்களிடம் உங்கள் பிரச்சினையை நாடகமாகப் போடுங்கள் என்றார். பார்வையாளர்கள் நடுவில் எழுந்து மேடைக்கு வந்து, நான் இருந்தால் இப்படிச் செய்வேன் என்று நடித்துக் காட்டலாம். அந்த மாற்றங்களிலிருந்து மசோதாக்களை எழுதினார்கள். 13 சட்டங்கள் நிறைவேறின. உறுப்பினரே கேட்டு வாங்கினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது சாட்சி. நாலாவது கட்டத்தைக் காலியாக விட்டு, நீங்கள் நிரப்புங்கள் என்று மக்களுக்கு அனுப்பும் உறுப்பினர் ஒருவராவது வர வேண்டும்.

ஜூன் 20

முக்கியமான ஒன்று. அடுத்தவர் கதையை வரைந்தால் அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். அம்மாவிடம் காட்டினேன். செருப்பைப் பார்த்துக் கொஞ்சம் முகம் சுளித்தார், பிறகு "கொண்டையைச் சரியாப் போடு" என்றார். நோய், கடன், வீட்டுச் சண்டை பற்றிய படமென்றால் இன்னும் கவனம் வேண்டும். உறுப்பினர் அலுவலகத்துக்குப் போகும் தாள் பல கைகள் மாறும். பெயரை மாற்றலாம், அடையாளத்தை மாற்றலாம். அனுப்புகிறவரின் பெயர் மட்டும் நிஜமாக இருக்கட்டும்.

ஜூன் 22

கேள்வி கேட்ட நண்பர் தன் முதல் படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார். தெருவிளக்கு பற்றியது. இருட்டைக் காட்ட மூன்று கட்டத்தையும் முழுக்கக் கறுப்பாக்கி, பலூனை மட்டும் வெள்ளையாக விட்டிருக்கிறார். வரைய வராது என்றவர் இதை எங்கே கண்டுபிடித்தார்! ஆனால் நாலாவது கட்டத்தில் "விளக்கு வேண்டும்" என்று மட்டும் இருக்கிறது. எந்தக் கம்பம், கம்பத்தில் எண் இருக்கிறதா, எத்தனை நாளாக எரியவில்லை, பழுது பார்க்க வேண்டுமா புதிதாக நட வேண்டுமா? எண்ணை எழுதி அனுப்புங்கள்.

ஜூன் 22, சற்று நேரம் கழித்து

வோட்டுரிமை இல்லாத பிள்ளைகள் அனுப்பலாமா என்று கடைசியாக ஒரு கேள்வி. தாராளமாக. அவர்களும் அந்தத் தொகுதியில்தான் வசிக்கிறார்கள், உறுப்பினர் அவர்களுக்கும் சேர்த்துத்தான். வயதைத் தாளில் எழுதச் சொல்லுங்கள், வீட்டு முகவரிக்குப் பதில் பள்ளி முகவரி போடுங்கள். பெரியவர்கள் கோட்டைத் திருத்த வேண்டாம், எழுத்துப் பிழையையும் விட்டுவிடுங்கள். கடைசிக் கட்டத்தில் என்ன கேட்பது என்பதை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், முடிவை அவர்களே எடுக்கட்டும்.